ஸ்கேல் அக்காவின் மாற்றல் உத்தரவு

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். அவளைவிடப் பதினொரு வயது மூத்தவரான தபால் பிரிவு அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அச்சாகி வந்த தாள் எதுவானாலும் படிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து அளப்பாள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வலது ஓரம் முக்கால். நூலளவு பிசகினாலும் தாள் திரும்பிப் போகும்.

அவள் வேலைக்கு வந்த புதிதில் பிரிண்டரில் எழுத்து சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக விழும். மை தீர்ந்துவிட்டதென்று அண்ணன் தினமும் காலையில் மைப்பெட்டியைக் கழற்றி, கைக்குழந்தையைப் போல ஆட்டிவிட்டு மாட்டுவார். தாளின் அளவும் தப்பு. கடிதத்தின் கடைசி வரி அடுத்த தாளுக்கு ஓடிவிடும். ஆகவே மேனேஜர் ஒன்பது வருடமாக 'இப்படிக்கு' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே, தனித்தாளில் கையெழுத்துப் போட்டுவந்தார்.

மூன்றாம் நாள் அவள் செட்டிங்ஸைத் திறந்தாள். மை சிக்கனத்தை நீக்கினாள், தாள் அளவை ஏ4 ஆக்கினாள். ஆனது நான்கு நிமிடம். கன்னங்கரேலென்று வந்த தாளைப் பார்த்து அண்ணனின் முகம் தொங்கிப்போனது.

"அப்போ இத்தனை வருஷமா நான் ஆட்டினது?"

"கைக்கு நல்ல பயிற்சிண்ணே."

அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாயிற்று. கணவனும் மகளும் இருந்த ஊர் ஏழு மணி நேரப் பயணம். மாதத்துக்கு இரண்டு முறைதான் பார்க்க முடிந்தது. மாற்றல் கேட்டு ஐந்து மனு கொடுத்தாள். ஐந்தும் மேனேஜரின் மேஜை இழுப்பறைக்குள் தூங்கின. ஆறாவதை நேரில் நீட்டினாள்.

"நீ போயிட்டா இந்தப் பிரிண்டர் பிசாசை யாரும்மா மேய்க்கிறது?"

"நீங்கதான் சார். நான் கத்துக்கொடுக்கறேன். நீங்களே ஒரு தாள் எடுத்துட்டா என்னை விட்டுடுவீங்களா?"

"எடுத்துட்டா அதுலயே கையெழுத்து போடறேன், போ."

பாடம் நான்கு நாள் நடந்தது. முதல் நாள் மேனேஜர் ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம் என்று அழுத்தி, ஆண்டறிக்கை முழுவதையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கிவிட்டார்.

"எறும்புக்கு அனுப்பற அறிக்கையா சார்?" என்றார் அண்ணன்.

மறுநாள் இடது ஓரத்தில் ஐந்து அங்குலம் விட்டார். வரிக்கு ஒரு சொல்லாக, கடிதம் ஏணி மாதிரி இறங்கி வந்தது. ஸ்கேல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாற்பது. அவளுடைய மாற்றல் உத்தரவைத் தானே தட்டச்சு செய்து, யாரும் கிட்டே வரக்கூடாதென்று கையைக் காட்டிவிட்டு, மேனேஜர் பட்டனை அழுத்தினார். தாள் வந்தது. எழுத்தெல்லாம் குறுக்குவாட்டில் படுத்துக் கிடந்தது. அவளுடைய பெயரில் முதல் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் போகவேண்டிய ஊர் முழுசாக இருந்தது.

"எப்படி?" என்று பூரித்தவர், கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

அவளுடைய விரல்கள் செட்டிங்ஸ் பக்கம் போகத் துடித்தன. அண்ணன் காதருகே வந்தார். "தொட்டுடாதீங்க அக்கா. தொட்டா இன்னும் அஞ்சு வருஷம் இங்கேயேதான்."

"பிரமாதம் சார்!" என்றாள் அவள். வாழ்நாளில் அச்சைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பாதிப் படியில் மேனேஜரின் குரல் துரத்திவந்தது. "அம்மா! உன் உத்தரவு வந்துகிட்டே இருக்கு, முப்பத்தெட்டு ஆயிடுச்சு! எப்படி நிறுத்தறது?"

அவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.