காப்பீட்டு அட்டைக்கு முப்பது கிலோமீட்டர்

மாமல்லபுரம் கடற்கரையைப் பற்றி இந்த வலைப்பூவில் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டேன். இந்த முறை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம். சிரிக்காதீர்கள், போன செவ்வாய்க்கிழமை நிஜமாகவே போய்வந்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மல்லிகாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு காப்பீட்டு அட்டை இருந்தால் கைக்காசு இல்லாமல் முடியும். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் எனக்கு வைத்தியச் செலவெல்லாம் ஆபீஸ் பாடு. அட்டை எப்படி வாங்குவது என்று சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் நான்தான் வழிகாட்டி.

காலை 9.30. முதலில் அவர்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகம், இரண்டு கிலோமீட்டர். வருமானத்துக்கு அங்கேதான் கையெழுத்து. மல்லிகாவின் கணவர் ஏழுமலை ஓட்டும் ஆட்டோவில் போனோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் தணிகாசலம் வந்து நின்றார். அவருடைய மகனுக்குத்தான் இவர்கள் பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்கள். அவரைப் பார்த்ததும் ஏழுமலை சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாச வருமானம் எவ்ளோப்பா?" என்றார் அதிகாரி.

"நாப்பதாயிரம் சார். சொந்தமா ரெண்டு ஆட்டோ ஓடுது."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப அட்டைலாம் கெடைக்காதுப்பா."

மல்லிகா வயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் வந்த ஆட்டோவே வாடகை வண்டி.

அப்போது தணிகாசலம் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே விண்ணப்பம்.

"எனுக்கும் இதான் சார் வோணும். சொந்த போட்டு கீதுன்னு இவராண்ட சொல்லிட்டேன். கூலிக்குத்தான் கடலுக்குப் போய்கினு கீறேன்." பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். "உள்ளத சொல்லு சம்பந்தி. தங்கச்சி நிக்க முடியாம நிக்குது."

ஏழுமலை உள்ளதைச் சொன்னார். சத்தம்தான் கொஞ்சம் குறைவு.

இருவரும் கையெழுத்து வாங்க, 10.45க்கு நால்வரும் அதே ஆட்டோவில் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், வாடகை அறுநூறு, என் கணக்கு. வழியெல்லாம் சம்பந்திகள் ஒருவர் விட்ட கதையை ஒருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். 1.40க்கு மல்லிகா கையில் அட்டை எண்.

"அக்கா, நாளைக்கே அட்மிட் ஆவலாமா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: குடும்ப அட்டை, ஆதார், இரண்டுக்கும் நகல். திங்கட்கிழமை வேண்டாம், மனு கொடுக்க வரும் கூட்டம் தாங்காது. வருமானம் கேட்கும்போது பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அவரும் அதே கையெழுத்துக்குத்தான் நிற்கிறார்.