எலிக்கு வைத்த பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள், இது என் வீட்டில் நடந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை எலிகள் இருக்கும். செருப்பு ஒட்டும் கம்மின் ஆவியைத் தினமும் உள்ளே விடுவார்கள், அது உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க. முதலில் எலிகள் தூங்கி வழியும், வாரங்கள் போகப் போகப் பின்னங்கால்கள் இழுபடும். எனக்குக் கவலை எலியைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். ஜெலாப்பாங்கில் செருப்புத் தொழிற்சாலையில் அதே கம்மைத்தான் நாள் முழுக்கப் பூசினார். அவருக்கும் கால் மரத்துப்போய், படியேறத் தடுமாறினார். வேலையை விடச் சொன்னால், "நான் என்ன எலியா? சும்மா இருலா!" என்று சிரிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அவருடைய முதலாளி ஒரு சீனத் தவுக்கே, அந்த ஆளுக்கு ஏது பூஜை? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். நான் ஆய்வுக்கூடத்தில் தராசு, குழாய், பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அப்படியே கால் இழுக்கிற ஓர் எலியையும் தூக்கி நெற்றியில் பொட்டு வைத்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் பதறிவிட்டார்.

"என்னம்மா இது, எலி என்ன மெஷினா?"

"அதுவும் நமக்காகத்தானே டாக்டர் வேலை செய்யுது!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த எலி சாயங்காலம் வரை என் கண்முன்னே பெட்டியில்தான் இருந்தது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

வீட்டுக்குப் போனால் அவர் எனக்கு முன்பே வந்து, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"செருப்புக் கிலாங்குல, நான் கம் பூசுற இடத்துக்கே ஒரு வெள்ளை எலி வந்துச்சு செல்வி. பின்னங்காலை இழுத்துக்கிட்டே வந்து என் இடது கால் மேல ஏறி உக்காந்துக்கிச்சு. நெத்தில பொட்டு இருக்குலா! வேற யாரு கண்ணுக்கும் தெரியல. இனி அங்க போமாட்டேன்."

பொட்டு வைத்ததைப் பற்றி நான் அவரிடம் அதுவரை வாயே திறக்கவில்லை.

மறுநாளே வேலையை விட்டார், மார்க்கெட்டில் காய்கறி விற்றார். அந்த எலி அதே வாரம் செத்துப்போனது. அவருக்கோ மெல்ல மெல்லக் கால் தேறியது. கோலா கங்சாரில் என் தங்கை கல்யாணத்தில் அந்த மனுஷன் போட்ட ஆட்டத்தில் பந்தலே அதிர்ந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இடது காலை மட்டும் மெதுவாக, பார்த்துப் பார்த்து வைத்தார்.

"இன்னும் வலிக்குதாங்க?"

"வலியெல்லாம் இல்லலா. அது கீழ விழுந்துடப் போகுது, இன்னும் அங்கதானே உக்காந்திருக்கு."

இன்றைக்கும் செருப்பு மாட்டுவதற்கு முன் குனிந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்கிறார். நான் கீழே பார்ப்பதில்லை.