லெட்சுமி அக்காவின் கண்மட்டம்

போன வாரம் கிளினிக் அறிவிப்பு ஒன்றை லேமினேட் செய்ய ஈப்போ பழைய நகரத்தில் ஓர் எழுதுபொருள் கடைக்குப் போனேன். பல் மருத்துவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். ‘காலணியைக் கழற்றவும்’ என்று நாலு பேர் மெச்சும்படி எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் ஓவியப் பணி. தாள் இயந்திரத்துக்குள் நுழைந்ததும் சூடான பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. அவ்வளவுதான். தாளை வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். கடைக்காரச் சீனப் பெண் பின்னால் ஓடிவந்து கையில் கொடுத்தாள்.

காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். கேட்பவர்களிடமெல்லாம் அம்மா “கம்ப்யூட்டர் படிக்குது” என்று சொல்லிவைத்தாள். நான் எதையும் பார்த்து வரைவதில் கெட்டிக்காரி. நாட்காட்டியில் இருக்கும் முருகனை மயிலின் கண்வரை அப்படியே இறக்கிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

இரண்டாம் பருவத்தில் பெர்ஸ்பெக்டிவ் வந்தது. கிட்டே இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிய வரையும் முறை. சொன்னால் எளிது. எங்கள் ஆசிரியை மிஸ் லியோங், உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு தெருவை மனத்திலிருந்து வரைந்து வரச் சொன்னார். புகைப்படம் பார்க்கக் கூடாது, சன்னல் வழியாகவும் பார்க்கக் கூடாது. உட்கார்ந்து வரைந்தேன். என் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு திசைக்கு ஓடியது. கடைசி வீடு சாக்கடைக்குள் சரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற மனிதன் கூரையைவிட உயரமாக இருந்தான். மூன்று முறை வரைந்தேன், மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தார். பார்த்து வரையத்தான் எனக்குத் தெரியும், கண்ணை மூடினால் உள்ளே ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேருந்தில் தலையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே வீடு வருவேன்.

அதே சமயத்தில்தான் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள், லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் தோட்டத்து வீடுகள். நாங்கள் முப்பது குடும்பங்கள் இருந்தோம். பதிலாகத் தோட்டத்து ஓரத்திலேயே கல்வீடு கட்டித் தருவதாகப் புதுக் கம்பெனி வாயால் சொல்லியிருந்தது. லோரி ஓட்டிய மாரிமுத்து அண்ணன்தான் குடியிருப்பாளர் குழுவுக்குத் தலைவர். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சனங்கள் ஆளுக்கொன்று பேசுகிறார்கள், யாருக்கும் என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நமக்கு எப்படி வீடு வேணும்னு நீ ஒரு படம் போட்டுக் குடுலா. அத வச்சுப் பேசலாம்.”

எனக்கு வீட்டுப்பாடமும் முடிந்தது போலாகும் என்று ஒப்புக்கொண்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காதான் முதலில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது. பால் வெட்டி வெட்டி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு வரிசையில் மூன்றாவது வீடு வேண்டுமாம். அடுப்படிச் சன்னலைத் திறந்தால் தெரு தெரிய வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். இத்தனை வருடமாக அடுப்படியில் நின்று சுவரையே பார்த்தாயிற்று என்றார்.

மறுநாள் மிஸ் லியோங்கிடம் என் திணறலைச் சொன்னேன். அவர் மலாய் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தத் தெருவை யார் பார்க்கிறார்கள், அவருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது? வீட்டுக்கு வந்து லெட்சுமி அக்காவைக் கதவு நிலையில் நிறுத்தி, கண் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதுதான் என் கண்மட்டம். தாளின் குறுக்கே முதலில் அந்தக் கோட்டை இழுத்தேன். அதன்மேல் ஒரு புள்ளி வைத்தேன். கூரையும் படிக்கட்டும் வேலியும் அந்தப் புள்ளிக்கு வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. முதலில் வெறும் பெட்டிகளை அடுக்கி, பிறகு பெட்டிகளில் கதவு வெட்டினேன். அக்கா அளவு உயரமுள்ள எவரும், கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும், கண் அந்த ஒரே கோட்டில்தான் வரும் என்று கண்டுகொண்ட மத்தியானத்தை மறக்கவே முடியாது. தெரு எழுந்து நின்றது. நான் அதற்குள் நடந்து போகலாம் போல இருந்தது.

கல்லூரியில் அதற்கு முதல் மதிப்பெண். மாரிமுத்து அண்ணன் படத்தை லேமினேட் செய்து பாலர்பள்ளிச் சுவரில் மாட்டினார். மாட்டுவதற்கு முன், சூடு ஆறாமல், அந்தப் பிளாஸ்டிக் வாசனையோடுதான் என் கையில் கொடுத்துக் காட்டினார். சனங்கள் வந்து வந்து பார்த்தார்கள். இது என் வீடு, அது உன் வீடு என்று விரலால் தொட்டுத் தொட்டு, பிளாஸ்டிக்கின்மேல் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது.

பத்து நாள் கழித்துக் கம்பெனி அதிகாரி கூட்டத்துக்கு வந்தார். தமிழர்தான், இதமாகப் பேசினார். காலி செய்ய ஒப்புக்கொள்ளும் கடிதம் கொண்டுவந்திருந்தார். வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை எழுதினால்தான் கையெழுத்து, வக்கீலிடம் காட்ட ஒரு வாரம் வேண்டும் என்றார் மாரிமுத்து அண்ணன். அதிகாரி மறுக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார்.

“இது மாதிரிதான் வரும். யாரு வரைஞ்சது?”

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். இது கம்பெனியின் பிளான் இல்லை, நான் மனத்திலிருந்து போட்ட பாடம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. தோட்டமே எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒலியைக் கெடுக்க மனம் வரவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை. படமே வந்துவிட்டது, இனி வக்கீல் எதற்கு என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். லெட்சுமி அக்கா பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்.

ஆறு மாதத்துக்கு என்று சொல்லி ஈப்போ எல்லையில் ஓர் அடுக்குமாடி பிளாட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். லயத்தை ஒரே நாளில் இடித்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி நிலத்தை இன்னொரு கம்பெனிக்கு விற்றது. புதியவர்கள், அப்படி ஒரு வாக்குறுதி எழுத்தில் இல்லையே என்றார்கள். மாரிமுத்து அண்ணன் என் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். கவுண்டரில் ஒரு பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை எங்கே, பிளான் நம்பர் எங்கே என்று கேட்டாளாம். பிறகு, படம் நன்றாக இருக்கிறது என்றாளாம். அதோடு அவர் ஓய்ந்தார். பாகான் டத்தோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

நான் படிப்பை முடிக்கவில்லை. கோடு இழுக்க உட்கார்ந்தால் பென்சிலைச் சீவிவிட்டு எழுந்துவிடுவேன்.

லெட்சுமி அக்காவை மட்டும் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். நாலாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போனால் மாதக்கணக்கில் கீழே இறங்கமாட்டார். படத்தின் நகல் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், அதைக் கழற்றிவிடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“கம்பெனிக்காரன் சொன்னத நான் நம்பலம்மா,” என்றார். “நீ வரைஞ்சதத்தான் நம்புனேன்.”

பிறகு கோப்பி கலக்க அடுப்படிக்குப் போனார். போன வருடம் அக்கா இறந்துபோனார். படிக்கட்டு வளைவில் பெட்டி திரும்பவில்லை. நிமிர்த்தி, நிற்க வைத்தபடியேதான் நாலு மாடியும் இறக்கினார்கள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்தபின் அவர் மகனும் நானும் பழைய தோட்டத்துக்குப் போனோம். எங்கும் செம்பனை, ஒரே உயரம், ஒரே இருட்டு. லயம் எந்தப் பக்கம் இருந்தது என்று இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. உரம் போட்டுக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளியிடம் கேட்டோம். இங்கே வீடு இருந்ததா என்று அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்.

திரும்பும் வழியில், நம்ம லயத்து வீட்டு முன்வாசலுக்கு எத்தனை படி என்று மகன் கேட்டார். மூன்று என்றேன். இரண்டு என்றார் அவர். வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் கேட்டேன், மறந்துவிட்டது என்றார். யாரிடமும் ஒரு புகைப்படம்கூட இல்லை. எதிரே இருப்பதை அப்படியே இறக்குவதில் கெட்டிக்காரி என்றேனே, இருபது வருடம் அந்த லயத்தில் இருந்தேன், அதை ஒருமுறைகூட வரையவில்லை. வராத வீட்டின் ஒவ்வொரு ஓடும் எனக்கு மனப்பாடம். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு எத்தனை படி என்று சொல்ல இப்போது ஆளில்லை.