ஊர் கேளாத கூட்டம்

இதனை எழுதி வைக்கும் கடமை எனக்கு உண்டு. சென்ற தை மாதம் நான் கண்டனூரில் தங்கியிருந்த மூன்று வாரமும், செவ்வாய், வெள்ளி மாலைகளில் எங்கோ மறைந்தேன் என்றும், மறைந்த இடம் மதுக்கடையே என்றும் உறவினரிடையே ஒரு செய்தி உலவுகிறது. மறைந்தது மெய், மதுக்கடை பொய். குடியை விட விரும்பியும் எந்தக் கதவைத் தட்டுவது என்றறியாமல் நிற்பவர் எவரேனும் இருப்பின், அவருக்கும் இது பயன்படட்டும்.

நான் வாழும் கனடாவின் எட்மன்டன் நகரில், வியாழன் மாலைதோறும் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், குடியை விட முனைந்தோர் இருபது பேர் கூடுகிறோம். ஆறாண்டுகளாக என் வலப்பக்கம் அமர்பவரின் தந்தை பெயரோ தொழிலோ எனக்குத் தெரியாது. ஆனால், மனைவி பிரிந்து சென்ற நாளில் அவர் என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்பது தெரியும். மருத்துவர் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதித் தந்ததாலேயே நான் அங்கு முதன்முதலாகச் சென்றேன். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எழுந்து நின்று என் பெயர், ஊர், நகரத்தாராகிய எங்கள் குலப்பிரிவைக் காட்டும் நகரக் கோயில், தந்தையார், பாட்டனார் என முறைப்படி உரைத்தேன். கூட்டத்தை நடத்திய டயான் என்னும் அம்மையார், "பெயர் மட்டும் போதும்" என்றார். என் குலத்தையே ஐயுறுகிறார் என்று சினந்து, மறுவாரம் கடவுச்சீட்டை எடுத்துச் சென்று அவர் முன் நீட்டினேன். அவர் அதைத் திறந்தும் பாராமல், அதன்மேல் ஒரு பிஸ்கட்டை வைத்துத் திருப்பித் தந்தார்.

அங்கு என்னைச் செலுத்தியது ஒரு திருமணம். எங்கள் பக்க வழக்கில் ஆச்சி என நான் அழைக்கும் என் தமக்கையின் மூத்த மகள் மணநாளன்று, உள்முற்றமாகிய வளவின் நடுவே, பந்திக்கு வந்தோர் அனைவரும் காண, போதையில் விழுந்தேன்.  பின்னர்த் தொலைபேசியில் தமக்கையிடம், "குடியை விட்டுவிட்டேன்" என்றபோது, "சரி" என்றார். விட்டுவிட்டேன் என்பதை நான் அதற்குமுன் பலமுறை சொல்லியிருந்தேன் அல்லவா?

இப்போது இளையவளின் திருமணம். மாடியில் ஆடவர் கூடும் அறையில் என்னென்ன இருக்கும் என்பதை அறிவேன். ஆதலின் ஊர் சேர்ந்த மறுநாளே தொலைபேசியில் விசாரித்து, காரைக்குடியில் ஒரு தனிப்பயிற்சி வகுப்பறையில் நிகழும் இத்தகைய கூட்டமொன்றைக் கண்டுபிடித்தேன். குழந்தைகளுக்கான குட்டைப் பெஞ்சுகள். சுவரில் பதினாறாம் வாய்பாடு. நடத்துபவர், சவூதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர். கனடாவில் கற்ற ஒழுங்கின்படி பெயரை மட்டும் சொல்லி அமர்ந்தேன். எதிர்ப் பெஞ்சிலிருந்தவர் முகம் மலர்ந்தது.

"ஐயா கண்டனூரு கல்யாண வீடுதானே? ஒங்க வீட்டுக்கு எலை போடுறதே நாந்தேன்!"

"பாண்டி, பேரோட நிப்பாட்டிக்கிருவோம்," என்றார் பாய்.

"அவுகளத் தெரியாதுன்னு பொய் சொன்னா, குடிய விட்டேன்னு சொல்றதையும் பொய்யிம்பாகளே பாய்?"

எல்லாரும் சிரித்தோம். கல்லல் பாண்டி குடியை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் முறை நான் புறப்பட்டபோது தமக்கை வாசலை மறித்தார்.

"தம்பி, நெசத்தச் சொல்லு. திரும்பவும் தொட்டுட்டியா?"

"இல்ல ஆச்சி. கூட்டத்துக்குப் போறேன்."

"யாரு கூட்டம்?"

"அதச் சொல்லக் கூடாது."

சொல்லி முடிக்கும்போதே, குடிகாரன் சொல்லும் விடையும் இதுவேயன்றோ என்று உணர்ந்தேன். நல்வாய்ப்பாக, அடுத்த வெள்ளி குடும்பத்தாரும் வரலாம் என்றிருந்தது. அழைத்தேன்.

வெறுங்கையோடு ஒரு வீட்டுப்படி ஏறாதவர் என் தமக்கை. ஒரு தூக்கு நிறைய வெள்ளைப் பணியாரத்தோடு வந்தார். பரிமாறிக்கொண்டே ஒவ்வொருவரையும், "நீங்க எந்த ஊரு? யாரு வீடு?" என்று கேட்டார். கால் மணி நேரத்தில் ஒருவருடைய அத்தையின் சம்பந்தி வரை சென்றுவிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆச்சி, இங்குட்டுப் பாத்தவுகள வெளிய போயித் தெரிஞ்சதாவே காட்டிக்கிறக் கூடாது," என்றார் பாண்டி.

"அம்புட்டுத்தானே? படி எறங்குனதும் மறந்துர்றேன்."

அதன்பின் என் முறை வந்தது. வளவில் விழுந்த நாளைப் பற்றி, தமக்கையின் முன்னிலையில், முதன்முறையாகப் பேசினேன். முடித்ததும் என் தட்டில் இன்னுமொரு பணியாரம் வைத்தார். "சரி" என்றார். இது வேறு "சரி".

திருமணத்தன்று காலை பாண்டி இலைக்கட்டுடன் வந்தார். பன்னிரண்டு ஆண்டாக அவரிடமே இலை வாங்கும் என் தமக்கை, வளவில் உறவினர் அனைவரும் இருக்க, உரத்த குரலில் வினவினார்:

"வாங்க, நீங்க யாரு? எந்த ஊரு?"

"ஆச்சிக்கு மறதி வந்துருச்சா?" என்றார் சமையற்காரர். பாண்டி கட்டை இறக்கி, கைகூப்பி, முகத்தில் சிரிப்பில்லாமல், "கல்லலுங்க ஆச்சி. எலைக்காரன்," என்றார். நான் தூண் மறைவுக்குச் சென்று சிரித்தேன். அதே வளவு; இம்முறை நின்றுகொண்டிருந்தேன். மாடிக்கு அழைத்தவர்களிடம், பந்தியில் இலை போடும் வேலை இருப்பதாகச் சொல்லி, பாண்டியோடு சேர்ந்துகொண்டேன்.

இப்போது மீண்டும் வியாழன், மீண்டும் நிலவறை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அமராமல் ஒரு நொடி நிற்கிறேன். எந்த ஊர் என்று எவரேனும் கேட்பாரோ என்று. எவரும் கேட்பதில்லை. கேளாததால் நிம்மதி, கேளாததால் ஒரு குறை. இரண்டையும் சுமந்தபடி அமர்கிறேன்.

பாண்டி என்பது மெய்ப்பெயரன்று. கல்லலும் அவர் ஊரன்று. ஏனையவற்றில் பிழை கண்டோர் அன்புகூர்ந்து திருத்துக. என் தமக்கையிடம் மட்டும் விசாரிக்க வேண்டா. தமக்கு ஒன்றுமே தெரியாது என்பார்.