காற்று பிடிக்கும் சிலாஸ் அண்ணன்

சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏரிக்கரை மாளிகைக்குள் நடக்கிறார் சிலாஸ் அண்ணன். விரலில் எந்தப் பக்கம் குளிர்கிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று கணக்கு. செகந்திராபாத்தில் எங்கள் சபையாருக்கு இது பழகிப்போன காட்சி. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறாமல் உட்கார மாட்டார். பாலாநகர் தொழிற்சாலையில் உலைப் பக்கமே நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“தாலி கட்டுறதுக்கு முந்தி இவரு என் முகத்தப் பாக்கல, ஃபேன் எந்தப் பக்கம்னு பாத்தாரு” என்பாள் அவர் மனைவி மரியா அக்கா.

“ஹவ், ஆமா. முகம் எங்க ஓடிரப் போவுது? காத்துதான் ஓடிரும்.”

அந்த அக்கா இப்போது அதிகம் பேசுவதில்லை. கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று அனலாய்க் கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது. ஏ.சி. போட்டால் இளைப்பு வந்துவிடுகிறது. தூக்கமே இல்லை. ஜெபக் குறிப்பு கேட்டபோது அண்ணன், “அவ தூங்கணும், அது போதும்” என்று மட்டும் சொன்னார்.

கண்டிப்பேட்டை ஏரிக்கரையில் நிஜாம் வெயில் காலத்துக்கென்று கட்டிய மாளிகைக்குச் சபையிலிருந்து வேன் பிடித்துப் போனோம். எல்லோரும் வளைவுகளுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தார்கள். அண்ணன் அறை அறையாகப் போனார். பெரிய கூடத்தில் விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நக்கோ, வேண்டாம். இது வந்தவுகளுக்குக் காட்டுறதுக்கு. ராசா இங்க படுத்திருக்க மாட்டான்” என்றார்.

“ராஜாவுக்கு விசிற ஆள் இருந்திருப்பாங்க அண்ணே” என்று கூட வந்த சபைப் பிள்ளை லோயிஸ் கேலி செய்தாள்.

“விசிறுறவன் தூங்கிருவான் பிள்ள. ஏரி தூங்காது.”

மேற்கு வராந்தா மூலையில் அவர் விரல் நின்றது. “மரியா, இங்கன வா” என்று துண்டை விரித்தார். தண்ணீரைத் தொட்டு வந்த காற்று தூணுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து வந்தது. அக்கா சும்மாதான் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, குறட்டையும் வந்தது. உதட்டை அசைக்காமல் நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

நேரமாகிவிட்டது என்று காவல்காரர் வந்தார். அண்ணன் வாயில் விரல் வைத்து அக்காவைக் காட்டினார். மற்ற கதவுகளைப் பூட்டிவிட்டு இங்கே கடைசியாக வருகிறேன் என்று தெலுங்கில் முணுமுணுத்துவிட்டு அவர் போனார்.

சாய்ந்த வெயில் வளைவுக்குள் இறங்கி அக்காவின் கண்ணில் விழுந்தது. இமை சுருங்கியது. அண்ணன் குறுக்கே போய் நின்றார். வெயில் மறைந்தது, காற்றும் நின்றுபோனது. அக்காவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. சட்டென்று தூணோரம் ஒதுங்கி, கையை மட்டும் நீட்டி உள்ளங்கையை விரித்தார். அந்த நிழல் அவள் கண் இரண்டையும் மூடியது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. வெயில் இறங்க இறங்க, அண்ணன் கையையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே நின்றார்.