இரண்டு சுற்று வந்த பட்டை

என் பக்கத்து வீட்டுக்காரியை எல்லோரும் ஈர்க்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். கை அப்படி. தையல் கடையில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது வேலை. முப்பது வருஷமாக யார் யார் கைக்கோ அளவெடுத்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஒற்றை அறை, ஒரு தையல் மெஷின், சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

போன வருஷம் அவள் அக்கா, ரத்தக் கொதிப்பு ஏறிப் பக்கவாதம் வந்து, குளியலறையில் விழுந்து செத்தாள். அவளும் தனிக்கட்டைதான். மறுநாள் பால்காரர் வந்துதான் பார்த்தார். அவர்கள் அம்மாவுக்கும் முன்பு அதே கதி. "அடுத்தது நான்தான் பெரியம்மா. என்னைப் பார்க்கப் பால்காரரும் வரமாட்டார், நான்தான் பாலே வாங்கறதில்லையே" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்த்தாள். "நூத்தி முப்பத்தாறு. மாத்திரை வேண்டாம், போங்கக்கா" என்று நர்ஸ் அனுப்பிவிடுவாள். நானும், "தனியா கிடக்கற பயம்தான்டி உன் வியாதி" என்றேன். இப்போதும் அதைத் தப்பென்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பயமும் வியாதிதான்.

நாலாவது மாசம் நானும் கூடப் போனேன். நர்ஸ் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். ஒரு சுற்று, அதற்கு மேல் இன்னொரு சுற்று. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பட்டை பெரிசு என்று என் கண்ணுக்கே தெரிந்தது. படித்தவர்கள் வேலையில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று மூன்று மாசம் வாய் திறக்காத ஈர்க்குச்சி, அன்றைக்குக் கேட்டாள்.

"இது யாரோட கைக்கு வெட்டினதும்மா?"

"எல்லாருக்கும் இதுதாங்க்கா."

"எல்லாருக்கும் ஒரே சட்டைன்னா நான் எப்பவோ பட்டினி கிடந்திருப்பேன்."

பையிலிருந்து டேப்பை எடுத்துத் தன் மேற்கையை அளந்தாள். இருபது சென்டிமீட்டர். பட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். முப்பத்திரண்டு முதல் நாற்பத்திரண்டு வரை.

நர்ஸ் முகம் சுருங்கிவிட்டது. "மத்த பட்டை எல்லாம் கிழிஞ்சு போச்சுக்கா. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

குழந்தைகள் பிரிவிலிருந்து சின்னப் பட்டை வந்தது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்துப் பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு. மறுபடி பார்த்தால் நூற்றைம்பது. கைக்கு மீறிய பட்டை குறைத்துத்தான் காட்டும் என்றார் டாக்டர். அடுத்த வாரமும் வரச்சொன்னார், அப்போதும் இறங்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், "அக்காகிட்ட சொல்லணும் போல இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் தன் வீட்டு மாற்றுச் சாவியைக் கொண்டுவந்தாள். "காலையில மாத்திரை போட்டதும் சுவத்துல ரெண்டு தட்டு தட்டறேன். தட்டலைன்னா வந்து திறங்க." பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லை. முட்டி வலியோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மெஷின் முன்னால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி தட்டலை?"

"வருவீங்களான்னு பார்த்தேன்."

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்தும் நான் கிளம்பவில்லை.