படிவத்தில் இல்லாத பழக்கம்

திருநெல்வேலியிலிருந்து ஏரல் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு நாள் படிக்கட்டில் நின்று "ஸ்ரீவைகுண்டம்" என்று கூவியபோது முன்பல் வழியாகக் காற்று கசிந்து, பாதிப் பெயர் சீறலாகப் போனது. முன்சீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் பக்கத்துப் பல்லை விட்டு விலகி முன்னால் வந்திருந்தது. நாக்கால் தள்ளினால் ஆடியது.

அப்போது எனக்கு நாற்பத்துமூன்று வயது. பல் ஆடுவது பள்ளிப்பிள்ளைக்கும் கிழவனுக்கும் உள்ள சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு பல் இப்படி விலகத் தொடங்கியிருந்தால், நான் செய்த முதல் முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். எட்டு மாதம் அதை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தேன். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் என் மனைவி கோமதி கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இத என்னன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிய? மாடு முட்டுன வேலி மாரி சாஞ்சு நிக்கி. இன்னைக்கு லீவு போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

போனோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், அதிராத குரல். எனக்கு வந்திருப்பது பெரியோடான்டைட்டிஸ் (ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும் நோய்) என்றார். தாங்க ஆள் இல்லாத பல் ஊர்ந்து வெளியே வருகிறது. முதலில் மூன்று மாதம் ஈறுகளைச் சுத்தம் செய்தார்கள். வேர்வரை சுரண்டியபோது கண்ணில் நீர் வந்தது. பிறகுதான் கம்பிப் பேச்சு வந்தது.

என்னைப் போன்ற பெரியவர்களுக்காக அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டு விதக் கம்பிகள். நோய் கண்ட எலும்புக்கு மேலும் சேதம் வராமல் பல்லை வரிசைக்குக் கொண்டுவருவது எது என்று பார்க்கிறார்கள். யாருக்கு எந்தக் கம்பி என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டு முடிவு செய்யும். ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

இன்னொரு படிவம் பழக்கங்களைப் பற்றியது. நகம் கடிப்பீர்களா? பேனா கடிப்பீர்களா? புகையிலை? வெற்றிலை? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கையெழுத்தும் போட்டேன்.

பேச்சியம்மாளை அங்கேதான் சந்தித்தேன். ஏரலில் தையற்கடை வைத்திருப்பவள். அவளுக்கும் என் மாதிரியே விலகிய முன்பல், சீட்டில் எனக்கு விழுந்த அதே கம்பிதான் அவளுக்கும். நூலும் துணியும் வாங்க என் பஸ்ஸில் வருவாள் போவாள். பல்லைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைத்தது.

கம்பி போட்ட முதல் இரண்டு மாதம் பல் உள்ளே நகர்ந்தது. கோமதி தினமும் கிட்டே வந்து பார்த்தாள். "ஸ்ரீ" கூட ஒழுங்காக வர ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் மருத்துவர் இரண்டு கருவிகளின் காம்புகளுக்கு நடுவே அந்தப் பல்லை வைத்து அசைத்துப் பார்த்தார். மறுபடியும் அசைத்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தில் என் பல்லின் வேர்நுனி மழுங்கியிருந்தது. வேர்க்கரைவு (பல்லின் வேர் நுனியிலிருந்து தேய்ந்து குறைவது) என்றார். கம்பியின் இழுவையைக் குறைத்தார்கள். நான்காம் மாதம் பல் இன்னும் அதிகமாக ஆடியது. ஒவ்வொரு தடவையும் மருத்துவர் கேட்டார்: "புதுசா ஏதாவது பழக்கம்? எதையாவது கடிக்கிறீங்களா?" நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன்.

துறைத் தலைவர் வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். இறுகலைன்னா இந்தப் பல்லை எடுத்துடணும்" என்றார்.

நான் பயந்துபோனேன். அழகு கெட்டுவிடும் என்றல்ல, இந்த வயதில் யார் என் அழகைப் பார்க்கப்போகிறார்கள்? முன்பல் போன வாயால் நாள் முழுதும் ஊர்ப்பெயர் கூவவேண்டுமே என்றுதான். எங்கள் டிரைவர் அண்ணாச்சிக்கு இது புரியவில்லை.

"ஏலே சுடலை, ஒத்தப் பல்லுக்கா இந்தப் பாடு? எனக்கு நாலு பல்லு இல்ல. வண்டி ஓடலையா?"

அந்த வாரம்தான் பேச்சியம்மாள் ஏறினாள். பின்படிக்கட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பல்லை எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

"எனக்கும் அதே கம்பிதானே அண்ணாச்சி. ஒங்க பல்ல எடுத்தாவன்னா நான் இதக் கழட்டச் சொல்லிருவேன். எனக்கு வேண்டாம்."

நான் விசில் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? தைக்கிற ஊசிய வாயில வைக்கப்படாதுன்னு ஆஸ்பத்திரில எங்கிட்ட சொன்னாவ. பல்லுல கோடு விழுந்திருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாவ. நான் ஏறுனதுலேந்து நீங்க அந்த விசில பல்லுல கடிச்சுக்கிட்டே நிக்கிய. அதக் கேக்கலையா?"

விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் பல் பதிந்து பள்ளமாகியிருந்தது.

ஒரு கையில் டிக்கெட் மெஷின். இன்னொரு கையில் கைப்பிடி, இல்லையென்றால் சில்லறை. கண்டக்டருக்கு விசில் வைக்க இருக்கிற ஒரே இடம் பல்தான். பதினான்கு வருஷமாக இடப்பக்க முன்பற்களுக்கு இடையில்தான் அது கிடக்கிறது. ஊதாத நேரத்திலும் கிடக்கிறது. அது ஒரு பழக்கம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சட்டைப் பையைப் பழக்கம் என்று யாராவது சொல்வார்களா? கம்பி உள்ளே இழுத்தது, நான் வெளியே நெம்பினேன். நான்கு மாதமாக அந்தப் பல்லை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறோம்.

அன்றே மருத்துவரிடம் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. வெட்கம். அந்தப் பெண்ணின் படிப்பே இந்த ஆராய்ச்சியில் இருக்கிறது, நான்கு தடவை அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லியிருக்கிறேன். விசிலை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பல் தானாக இறுகிவிடும், யாருக்கும் தெரியவேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

"டாக்டர்ட்ட சொல்லிராத தாயி" என்றேன்.

பேச்சியம்மாள் துணிப் பையை மடியில் இழுத்துக்கொண்டாள். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்? ஆனா ஒங்க பல்ல வச்சுத்தான எங் கம்பி நல்லதா கெட்டதான்னு அவிய எழுதுவாவ" என்றாள்.

மூன்று வாரம் விசிலைப் பல்லில் வைக்காமல் ஓட்டினேன். பஸ் தகரத்தைக் கையால் தட்டினேன். "ஒன் தட்டு எனக்குக் காதுல விழலலே" என்று டிரைவர் அண்ணாச்சி கத்தினார். மறதியில் இரண்டு மூன்று தடவை விசில் பல்லுக்கே போய்விட்டது. பல் இறுகியதா என்று நாக்கால் தொட்டுப்பார்க்கவும் தைரியம் இல்லை.

குறித்த நாளில் போனேன். தட்டில் குறடு இருந்தது. மரத்துப்போக ஊசி தயாராக இருந்தது. துறைத் தலைவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். இளம் மருத்துவர் கோப்பில் என் பெயருக்கு எதிரே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "இந்தக் கம்பி போட்ட மத்தவங்களையும் உடனே கூப்பிட்டுப் பார்க்கணும்" என்று தலைவர் சொன்னது காதில் விழுந்தது. வாயைத் திறங்கள் என்றார்கள்.

திறக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து அந்தத் தட்டிலேயே வைத்தேன். "டாக்டரம்மா, தப்பு கம்பி மேல இல்ல. இதத்தான் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவர் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"டூட்டி முழுக்க."

"எப்போ தெரிஞ்சது?"

"மூணு வாரம் முன்னால."

கோபப்பட்டார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. "மூணு வாரம்! நல்ல பல்லை இன்னைக்குப் பிடுங்கியிருப்போம், தெரியுமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது. பிறகு கோப்பைப் புரட்டிப் பழக்கப் படிவத்தை எடுத்தார். மேலிருந்து கீழே படித்தார். "இதுல வேலையைப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே சார்" என்று தலைவரிடம் நீட்டினார்.

என்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யக்கூடாதாம். சீட்டு எடுத்துவிட்டால், நல்லதோ கெட்டதோ, கடைசிவரை அந்தக் கம்பிக்காரர்கள் கூட்டத்தோடுதான் எண்ணுவார்கள். என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுவார்கள். பேச்சியம்மாளின் கம்பி தப்பியது.

பல்லுக்கு ஆறு வாரம் தவணை கிடைத்தது. இழுவையை முழுதும் நிறுத்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்கள். முன்பல்லால் எதையும் கடிக்கக்கூடாது. அந்த ஆறு வாரம் நான் நானாக இல்லை. தோசையைப் பிய்த்துக் கடைவாயில் போட்டேன். தும்மல் வந்தாலும் கையால் வாயைப் பொத்தினேன். கோமதி குழம்பில் காய்களைச் சின்னதாக நறுக்கிப் போட்டாள்.

ஆறாவது வாரம் அசைவு குறைந்திருந்தது. மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார். நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பல்லை வரிசைக்குக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆனது. இப்போது கம்பி எடுத்தாகிவிட்டது. உள்பக்கம் ஒரு மெல்லிய இழை மட்டும் ஒட்டியிருக்கிறது. அது ஆயுளுக்கும் இருக்கும்.

குறைந்த வேர் குறைந்ததுதான். திரும்ப வளராது. "எத்தன வருஷம் தாங்கும்?" என்று கேட்டேன். "தெரியாது. வருஷா வருஷம் வாங்க, படம் எடுத்துப் பார்ப்போம்" என்றார். எலும்பு என்றால் கல் மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தவன் நான். அது தினமும் ஒரு பக்கம் இடிந்து ஒரு பக்கம் கட்டப்படுகிறது என்று இப்போது தெரியும். இதை எழுதுகிற நேரத்திலும் வாய்க்குள் அந்த வேலை நடக்கிறது. உங்கள் மருத்துவர் பழக்கம் என்று கேட்டால், உங்களுக்குப் பழக்கமாகத் தோன்றாததையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

போன மாதம் முன்பல்லால் மெத்தென்றதைக் கடிக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இரண்டு வாரம் எனக்குத் துணிச்சல் வரவில்லை. பேச்சியம்மாள் பஸ்ஸில் ஏறி, பொட்டலத்திலிருந்து ஒரு கொய்யாத் துண்டை நீட்டினாள். வழக்கம்போலக் கடைவாய்க்குக் கொண்டுபோனேன்.

"எதுக்கு அங்கன கொண்டுபோறிய? முன்னால கடிங்க" என்றாள்.

கடித்தேன். பழுத்த கொய்யா. பல் இறங்கியது. ஆடவில்லை. இன்னொரு கடி கடித்தேன். அப்போதும் ஆடவில்லை. தோலை, சதையை, முன்வரிசையில் ஒவ்வொன்றாக அறிந்து தின்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் நிறுத்தம் நிறுத்தமாகவே பொழுதை அளந்தவன் நான்.

"ஏ கண்டக்டரே!" பின்னாலிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "கருங்குளம் ஸ்டாப்பு போயிட்டுவே!"